வாசகர் கேள்வி – பதில்: நினைவகத்தின் வேகத்தைச் சொல்வது எந்த எண்?

அண்மையில் வந்த கடிதங்களில் ஆறு, வெவ்வேறு சொற்களில் ஒன்றையே கேட்கின்றன. கடைகளில் ‘ராம்’ என்று சொல்லி நாம் வாங்கும் கணினி நினைவகப் பலகை எவ்வளவு வேகமானது என்பதை, அதன் மேல் அச்சிடப்பட்டிருக்கும் எண்களில் எதைப் பார்த்து அறிவது என்பதே அந்தக் கேள்வி. ஒன்றின் பதில் மற்றொன்றுக்கு ஆதாரமாக இருப்பதால், இந்த இதழின் பக்கங்களை இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

வெள்ளவத்தை வாசகர் ஒருவர்: பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் 3200 என்று அச்சிட்ட டிடிஆர்4 நினைவகம் வாங்கினேன். வீட்டுக்கு வந்து சிபியூ-இசட் மென்பொருளில் பார்த்தால் 1597 மெகாஹேர்ட்ஸ் என்று காட்டுகிறது. பாதி வேகமுள்ள பொருளை என் தலையில் கட்டிவிட்டார்களா? திருப்பிக் கொடுக்கலாமா?

திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. நீங்கள் கேட்ட பொருள்தான் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. இரண்டு எண்களும் சரியானவையே. அவை எண்ணுகின்ற விடயங்கள்தாம் வேறு.

நினைவகமும் செயலியும் தரவைக் கைமாற்றிக்கொள்வதற்கு ஒரு கடிகாரத் துடிப்பு தாளம் போட்டுக்கொண்டேயிருக்கிறது. உங்கள் பலகையில் அந்தத் துடிப்பு செக்கனுக்கு 160 கோடி தடவை, அதாவது 1600 மெகாஹேர்ட்ஸ். பழைய எஸ்டிராம் வகையில் ஒரு துடிப்புக்கு ஒரு தடவைதான் தரவு கைமாறியது. டிடிஆர் என்னும் பெயரோ ‘இரட்டைத் தரவு வீதம்’ என்பதன் சுருக்கம்; அதன் பின்னால் ஒட்டி நிற்கும் 4 போன்ற எண் தலைமுறையைக் குறிக்கும். துடிப்பு ஏறும் கணத்தில் ஒரு தடவையும் இறங்கும் கணத்தில் இன்னொரு தடவையுமாகத் தரவு கைமாறுகிறது. கச்சேரியில் தாளம் போடுபவரின் கை தொடையில் விழும்போது ஒரு சொல்லையும், மேலே எழும்போது அடுத்த சொல்லையும் பாடகர் எடுத்தால், தட்டுகளை எண்ணுபவருக்கு ஒரு கணக்கும் சொற்களை எண்ணுபவருக்கு அதன் இரு மடங்கும் வரும். சிபியூ-இசட் தட்டுகளை எண்ணுகிறது. பெட்டியில் அச்சிட்டவர்கள் சொற்களை எண்ணியிருக்கிறார்கள்.

குழப்பத்துக்கு விளம்பரங்களும் பொறுப்பு. ஹேர்ட்ஸ் என்பது ஒரு செக்கனில் நிகழும் சுழற்சிகளை அளக்கும் அலகு. 3200 என்பது சுழற்சிகளின் எண்ணிக்கை அன்று, கைமாற்றங்களின் எண்ணிக்கை; எனவே ‘3200 மெகாஹேர்ட்ஸ்’ என்று எழுதுவது பிழை. ‘செக்கனுக்கு 3200 மெகா பரிமாற்றம்’ என்பதே சரி. அதைச் சுருக்கி எம்டி/எஸ் என்று எழுதுகிறார்கள். விண்டோஸ் 11இன் அண்மைய பதிப்புகளில் பணி மேலாளர் இந்தச் சரியான அலகுக்கு மாறியிருப்பது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தருகிறது, ஏனெனில் உங்களுடையதைப் போன்ற கடிதங்கள் எனக்கு வருடக் கணக்காக வந்துகொண்டிருக்கின்றன. 1600க்குப் பதிலாக 1597 என்று தெரிவதைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். தாய்ப்பலகையின் அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹேர்ட்ஸுக்குப் பதிலாக 99.8 அளவில் ஓடினால், அதன் 16 மடங்கு அவ்வளவுதான் வரும்.

நீங்கள் கவனிக்க வேண்டிய நிலை வேறொன்று உண்டு. 3200 என்று விற்கப்பட்ட பலகைக்குச் சிபியூ-இசட் 1066, 1200 அல்லது 1333 என்று காட்டுமானால், அது முறையே 2133, 2400, 2666 என்னும் வேகங்களில்தான் ஓடுகிறது. அப்போதும் கடைக்காரரைக் குறை சொல்வதற்கு முன், கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் பயோஸ் என்னும் அடிப்படை நிரலின் அமைப்பைத் திறந்து பாருங்கள். வேகம் கூடிய பலகைகள் பலவற்றில் ஜெடெக் தர நிர்ணய அமைப்பின் சாதாரண வேகமொன்று நாம் எதையும் மாற்றாதபோது இயங்கும் வேகமாகவும், விளம்பரப்படுத்தப்பட்ட வேகம் தனி அமைப்பாகவும் பதிந்திருக்கும். இந்தத் தனி அமைப்புக்கு இன்டெல் 2007இல் கொண்டுவந்த பெயர் எக்ஸ்எம்பி. ஏஎம்டி நிறுவனம் டிடிஆர்5 நினைவகத்துக்காக 2022இல் எக்ஸ்போ என்ற தன் முறையை அறிமுகப்படுத்தியது. இத்தகைய தனி அமைப்பை நாமே இயக்கிவிட வேண்டும், தானாக இயங்காது. அதை இயக்கியும் வேகம் கூடவில்லை என்றால், உங்கள் செயலியோ தாய்ப்பலகையோ அந்த வேகத்தை ஏற்காததாக இருக்கலாம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து, உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் மாணவி: ஐயா, எங்கள் வீட்டுக் கணினியின் நினைவகத்தில் பிசி3-12800 என்றும், பாடசாலைக் கணினியினதில் பிசி4-25600 என்றும் இருக்கின்றன. இவை மெகாஹேர்ட்ஸா?

இல்லை மகளே. இவை ஒரு செக்கனில் அந்தப் பலகையிலிருந்து அதிகபட்சமாக எத்தனை மெகாபைட் வெளிவர முடியும் என்பதைச் சொல்லும் எண்கள். கணக்கு மிக எளிது. ஒரு பலகையின் தரவுப் பாதை 64 பிட் அகலமுள்ளது. அது 8 பைட். செக்கனுக்கு 3200 மெகா பரிமாற்றம், ஒவ்வொன்றிலும் 8 பைட் என்றால் 25,600 மெகாபைட். உங்கள் வீட்டுப் பலகை டிடிஆர்3-1600 ஆக இருக்கும். 1600ஐ 8ஆல் பெருக்கினால் 12,800. சில வேளைகளில் எண்ணைச் சற்று வெட்டி அச்சிடுவார்கள். டிடிஆர்3-1333இன் உண்மையான பெருக்கம் ஏறத்தாழ 10,667, ஆனால் பலகையில் பிசி3-10600 என்றே பெரும்பாலும் காணலாம்.

பழைய பலகைகளை நீங்கள் எங்காவது காண நேர்ந்தால் ஒரு பொறி இருக்கிறது. பிசி100, பிசி133 என்ற எஸ்டிராம் பலகைகளில் அந்த எண் கடிகாரத்தின் மெகாஹேர்ட்ஸைக் குறித்தது. 2000ஆம் ஆண்டில் டிடிஆர் தரம் வெளியானபோது பிசி என்ற அதே எழுத்துகளுக்குப் பின்னால் மெகாபைட் கணக்கைப் போடத் தொடங்கினார்கள். ஆகவே பிசி1600 என்பது செக்கனுக்கு 1600 மெகாபைட் தரும் மிகப் பழைய பலகை. டிடிஆர்3-1600 என்பதோ அதைப்போல் எட்டு மடங்கு தருவது. எண்ணுக்கு முன்னால் நிற்பது பிசியா டிடிஆரா என்று பார்க்காமல் எண்ணை மட்டும் வாசிப்பதால் எந்தப் பயனும் இல்லை.

தெகிவளை வாசகர்: 3200 வேகத்திலேயே சிஎல்16 என்றும் சிஎல்22 என்றும் இரண்டு வகை இருக்கின்றன. புதிய டிடிஆர்5-4800இலோ சிஎல்40 என்று போட்டிருக்கிறது. சிஎல் குறைந்தால் வேகம் கூடும் என்றால், டிடிஆர்5 பழையதை விட மெதுவானதா?

இந்த வாரக் கடிதங்களில் மிகவும் நல்ல கேள்வி இதுதான். இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

புறக்கோட்டையில் ஒரு பெரிய புடவைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். சேலைகள் உள்ளறையில் கட்டுக் கட்டாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நீங்கள் ஒரு சேலையைக் கேட்டால், பணியாளர் அது இருக்கும் முழுக் கட்டையும் தூக்கி வந்து மேசையில் பிரிக்கிறார்; பிறகு நீங்கள் கேட்ட சேலையை அதிலிருந்து உருவித் தருகிறார். அடுத்து நீங்கள் கேட்பது அதே கட்டிலேயே இருந்தால் உருவுவது மட்டும்தான் வேலை. வேறு கட்டில் இருந்தாலோ, முதலில் மேசையில் கிடப்பதை மடித்துக் கட்டி உள்ளே வைத்துவிட்டு, புதிய கட்டைத் தூக்கி வந்து பிரித்து, அதன் பிறகுதான் உருவ வேண்டும்.

நினைவகச் சில்லும் இவ்வாறே இயங்குகிறது. 1966இல் ஐபிஎம் நிறுவனத்தில் ராபர்ட் டென்னார்ட் கண்ட வழியில், ஒவ்வொரு பிட்டும் ஒரு மின்தேக்கியில் சிறிதளவு மின்னேற்றமாகச் சேமிக்கப்படுகிறது. அவை நிரைகளாகவும் நிரல்களாகவும் அடுக்கப்பட்டுள்ளன. ஒரு நிரையை வாசிக்கும்போது அதன் மின்னேற்றம் குலைந்துபோவதால், வாசித்ததை மீண்டும் எழுதியே மூட வேண்டும்; பிரித்த கட்டை மடித்து வைப்பதைப் போல. நிரையைத் திறக்கும் நேரம், திறந்த நிரையிலிருந்து குறித்த நிரலைத் தரும் நேரம், நிரையை மூடும் நேரம் ஆகியவைதாம் பலகையில் 16-18-18-38 போல அச்சிடப்படும் எண்களில் முதல் மூன்று. முதலில் நிற்பது சிஎல். திறந்திருக்கும் நிரையிலிருந்து கேட்டது வந்துசேரும் சுணக்கம்.

இனி உங்கள் ஐயத்துக்கு வருகிறேன். சிஎல் நேரம் அன்று. அது துடிப்புகளின் எண்ணிக்கை. துடிப்பின் நீளம் தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. ‘பத்து எட்டில் கடைக்குப் போய்விடலாம்’ என்று ஒருவர் சொன்னால், எட்டு வைப்பவர் குழந்தையா பெரியவரா என்று கேட்க மாட்டோமா? டிடிஆர்4-3200இன் கடிகாரம் 1600 மெகாஹேர்ட்ஸ், எனவே ஒரு துடிப்பு 0.625 நனோசெக்கன். சிஎல்16 என்றால் 10 நனோசெக்கன். சிஎல்22 என்றால் 13.75 நனோசெக்கன். ஆகவே அந்த இரண்டுக்கும் இடையில் உண்மையான வேறுபாடு இருக்கிறது. டிடிஆர்5-4800 சிஎல்40இன் கடிகாரம் 2400 மெகாஹேர்ட்ஸ். 40ஐ 2400ஆல் வகுத்து 1000ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 16.7 நனோசெக்கன். முதல் தரவு வரும்வரை காத்திருக்கும் நேரத்தை மட்டும் பார்த்தால், ஆம், அந்தக் குறிப்பிட்ட டிடிஆர்5 பலகை சற்று மெதுவானதுதான். டிடிஆர்5-6000 சிஎல்30ஐ எடுத்தால் மறுபடியும் சரியாக 10 நனோசெக்கன் வருகிறது.

என்னை எப்போதும் வியக்க வைக்கும் செய்தியை இங்கே சொல்ல வேண்டும். டிடிஆர்-400 சிஎல்3 பலகையில் இந்தச் சுணக்கம் 15 நனோசெக்கன். டிடிஆர்2-800 சிஎல்6இலும் 15. டிடிஆர்3-1600 சிஎல்11இல் 13.75. டிடிஆர்4-3200 சிஎல்22இலும் அதே 13.75. பெட்டியில் உள்ள எண் எட்டு மடங்கு ஏறியிருக்கிறது. முதல் பைட்டுக்காகக் காத்திருக்கும் நேரமோ அசைந்ததே குறைவு. மின்தேக்கியின் சிறிய மின்னேற்றத்தை உணர்ந்து பெருக்குவதற்கு வேண்டிய நேரத்தை இலகுவில் சுருக்க முடியாததே காரணம். அதனால் பொறியியலாளர்கள் வேறு வழியை எடுத்தார்கள். ஒரு தடவை உள்ளே போகும்போது கூடுதலாக அள்ளி வந்து, வெளிப்பாதையில் விரைவாக அனுப்பினார்கள். டிடிஆரில் ஒவ்வொரு தரவுக் கம்பிக்கும் 2 பிட், டிடிஆர்2இல் 4, டிடிஆர்3இலும் டிடிஆர்4இலும் 8, டிடிஆர்5இல் 16 என்று அந்த அள்ளல் பெருகியது. டிடிஆர்-400, டிடிஆர்2-800, டிடிஆர்3-1600 ஆகிய மூன்றின் உள்ளறையும் ஒரே 200 மெகாஹேர்ட்ஸில்தான் ஓடியது என்பதை, அந்த எண்களை 2, 4, 8 ஆகியவற்றால் வகுத்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே டிடிஆர்5-4800 மெதுவானதா என்ற கேள்விக்கு, எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே விடை அமையும். ஒரு பலகைக்கு 38,400 மெகாபைட் என்ற அதன் ஓட்டம் டிடிஆர்4-3200இன் ஓட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு. காணொளி தொகுத்தல் போன்று பெருந்தரவை வரிசையாகப் பாய்ச்சும் வேலைகளுக்கு அது நன்மை தரும். தரவுத்தளத்தில் அங்குமிங்கும் தாவித் தேடுவது போன்ற வேலைகளில் சுணக்கமே முன்னால் நிற்கும்.

பம்பலப்பிட்டி அலுவலகமொன்றின் கணக்காளர்: ஏற்கெனவே 2666 பலகை இருந்த கணினியில் 3200 பலகை ஒன்றைச் சேர்த்தோம். இப்போது இரண்டும் 2666 என்றே காட்டுகின்றன. புதியது வீணா?

வீண் ஆகவில்லை. இரண்டும் நினைவகத்தை நடத்தும் ஒரே கட்டுப்படுத்தியின் கீழ் இயங்குவதால் மெதுவானதின் வேகத்துக்கே இரண்டும் இறங்கும். ஆயினும் அவை இரு தனித்தனித் தடங்களில், அதாவது கட்டுப்படுத்திக்குச் செல்லும் வெவ்வேறு தரவுப் பாதைகளில், செருகப்பட்டிருந்தால், ஒன்றுக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 21.3 கிகாபைட் வீதம் மொத்தம் 42.6 கிகாபைட்டுக்கு இடம் இருக்கிறது. 3200 பலகை தனித்து நின்றிருந்தால் 25.6தான். எந்தத் துளைகள் எந்தத் தடத்துக்கு உரியவை என்பதைத் தாய்ப்பலகையின் கையேட்டில் பார்த்து, இரண்டும் ஒரே தடத்தில் இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கல்கிசையிலிருந்து, நிரல் எழுதும் வாசகர்: நானே ஒரு சிறு நிரல் எழுதி 1 கிகாபைட் தரவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் படியெடுத்து நேரத்தை அளந்தேன். கோட்பாட்டு எண்ணின் பாதிகூட வரவில்லை. என் அளவீட்டில் என்ன பிழை?

பிழை அளவீட்டில் இல்லாமல், எண்ணும் முறையில் இருக்கலாம். 1 கிகாபைட்டைப் படியெடுக்கும்போது எவ்வளவு தரவு நகர்ந்தது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். படியெடுத்த அளவை மட்டும் எண்ணினால் 1 கிகாபைட். வாசித்ததையும் எழுதியதையும் சேர்த்தால் 2. இவற்றுக்கு மேலே இன்னொன்றும் உண்டு: பெரும்பாலான செயலிகளில், ஓரிடத்தில் எழுதுவதற்கு முன் அந்த இடத்தின் பழைய தரவு பதுக்கு நினைவகத்துக்கு (செயலிக்கு உள்ளேயே இருக்கும் சிறிய, விரைவான ‘கேஷ்’ நினைவகத்துக்கு) வாசிக்கப்படுகிறது, அதையும் எண்ணினால் நினைவகப் பாதையில் உண்மையாக ஓடியது 3 கிகாபைட். நீங்கள் முதல் முறையில் எண்ணியிருந்தால் மூன்றில் ஒரு பங்கே உங்கள் கண்ணில் பட்டிருக்கும். ஜோன் மக்கல்பின் 1991இல் உருவாக்கிய ஸ்ட்ரீம் என்னும் அளவீட்டு நிரல் இரண்டாவது முறையைக் கையாள்கிறது. அதில் ஒரு விதி உண்டு: பயன்படுத்தும் ஒவ்வோர் அணியும் (வரிசையாக அடுக்கிய தரவுத் தொகுதியும்) கடைநிலைப் பதுக்கு நினைவகத்தின் கொள்ளளவைப்போல் குறைந்தது நான்கு மடங்கு இருக்க வேண்டும். அவ்வாறு இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது பதுக்கு நினைவகத்தின் வேகத்தையே.

அலகையும் பாருங்கள். பலகையின் 25,600 மெகாபைட் என்பது பத்தின் அடுக்குகளில் சொல்லப்படுகிறது. உங்கள் நிரல் பைட் எண்ணிக்கையை 1024ஆல் இரு தடவையும் 1000ஆல் ஒரு தடவையும் வகுத்துக் கிகாபைட் கணக்கிட்டிருந்தால், 24.4 போன்ற கலப்பு எண்ணும், 1024ஆல் மூன்று தடவை வகுத்திருந்தால் 23.8உம் வரும். இவையெல்லாவற்றையும் சரிசெய்த பின்னரும் முழு எண் கிடைக்காது. மின்தேக்கிகள் கசிவதால் டிடிஆர்4இல் ஒவ்வொரு நிரையும் 64 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவையேனும் புதுப்பிக்கப்பட வேண்டும். அந்த வேளைகளில் வாசிப்பு நின்றுவிடுகிறது. நிரை மாறும்போதும், வாசிப்பிலிருந்து எழுதலுக்குத் திரும்பும்போதும் சில துடிப்புகள் கழிகின்றன.

சுணக்கத்தை அளக்க விரும்பினால் வேறு வகை நிரல் வேண்டும். வரிசையாக வாசித்தால் செயலி அடுத்ததை ஊகித்து முன்கூட்டியே கொண்டுவந்துவிடும். எனவே ஒவ்வோர் இடத்திலும் அடுத்துப் போக வேண்டிய முகவரியை எழுதி, அவற்றைத் தாறுமாறாகக் கலைத்து, ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடர்ந்து போகச் செய்ய வேண்டும். அப்போது மேசைக் கணினிகளில் 60 முதல் 100 நனோசெக்கன் வரை காண்பீர்கள். பலகையில் 10 என்று கணக்கிட்டோமே என்று திகைக்க வேண்டாம். பதுக்கு நினைவகத்தின் மூன்று நிலைகளிலும் தேடி, கட்டுப்படுத்தியின் வரிசையில் நின்று, நிரையை மூடித் திறந்து, திரும்பி வரும் முழுப் பயணமும் அதில் அடங்கும். 3 கிகாஹேர்ட்ஸ் செயலிக்கு 80 நனோசெக்கன் என்பது 240 துடிப்புகள். உங்கள் நிரல் விரைவாக ஓட வேண்டுமானால், வேகம் கூடிய பலகையை வாங்குவதைவிடத் தரவை அடுத்தடுத்து வைத்து வரிசையாக வாசிக்கும்படி எழுதுவதே கூடிய பயன் தரும் என்பது என் திடமான கருத்து.

மட்டக்குளி வாசகர்: மகனின் மடிகணினிக்கு 3200 வேகத்தில் 8 கிகாபைட்டா, 2666 வேகத்தில் 16 கிகாபைட்டா? இரண்டும் ஒரே விலைக்குக் கிடைக்கின்றன.

மடிகணினி ஏற்கும் வகை டிடிஆர்4ஆக இருக்குமானால், தயங்காமல் 16 கிகாபைட்டை வாங்குங்கள். இடம் போதாதபோது கணினி தரவைத் திண்மநிலை வட்டுக்கு (எஸ்எஸ்டி) மாற்றி மாற்றி எழுதும். அங்கே ஒரு வாசிப்புக்கு 80 மைக்ரோசெக்கன் என்று வைத்துக்கொண்டாலும், அது 80 நனோசெக்கனைப்போல் ஆயிரம் மடங்கு. பழைய வன்தட்டாக இருந்தால் மில்லிசெக்கன் கணக்காகும். அதற்கு முன்னால் 2666க்கும் 3200க்கும் உள்ள வேறுபாட்டை மகன் உணரவே மாட்டார். கடைக்குப் போவதற்கு முன் பழைய பலகையைக் கழற்றி, அதிலுள்ள டிடிஆர் தலைமுறை, பிசி எண், மின்னழுத்தம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டிடிஆர்3 என்றால் அதில் டிடிஆர்4 பொருந்தாது, வெட்டுக்குறி இருக்கும் இடமே வேறு. டிடிஆர்3இலும் 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என இரண்டு வகை உள்ளதால், பிசி3க்குப் பின்னால் ‘எல்’ என்ற எழுத்து இருக்கிறதா என்பதையும் மறவாமல் குறித்துக்கொள்ளுங்கள்.